அண்ணன் பொண்ணுக்கு 17. "உங்க வீட்டுக்கே வந்துடறேன் அத்தை"ங்கறா. சேர்த்துக்கலாமுங்களா?

அவினாசி ரோடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். ஒரே பையன், 22 வயசு, டையிங்ல சூப்பர்வைசரா போறான். பையன் வயசை எதுக்குச் சொல்றேன்னு கடைசியில தெரியும்.

எங்க அண்ணன் வேடசந்தூர் பக்கம். கொஞ்சம் மானாவாரி நிலம், நாலு எருமை. மூத்தது பொண்ணு, அடுத்தவன் எட்டாவது படிக்கறான். பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சா. 600க்கு 511. வர்ற தையிலதான் 18 முடியுது. பி.காம். படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா.

அண்ணியோட கடைசித் தம்பிக்கு 29 வயசு. போர்வெல் போடற ரிக் வண்டியில வேலை. ஆந்திரா, கர்நாடகான்னு வண்டியோட போயிட்டு மழைக்குத்தான் ஊர் திரும்புவாப்ல. கெட்ட பையன்னு சொல்ல மாட்டேன், குடி கிடையாது. ஆனா இவளுக்கு அவரு தூக்கி வளர்த்த மாமா. "பால்வாடிக்கு என்னைச் சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போனவரு அத்தை, அவரைப் போய் எப்படி"ன்னு அழுவறா. அண்ணன்கிட்ட கேட்டா "ஆவணியில நிச்சயம் மட்டும்தான், கல்யாணம் தையில"ங்கறாரு. அவ சொல்றது வேற. ராத்திரி அண்ணி போன்ல "ஆவணியிலேயே தாலியைக் கட்டிப்புடலாம், ரிஜிஸ்டர் எல்லாம் தையில பாத்துக்கலாம்"னு பேசினது காதுல விழுந்துச்சாம்.

காலேஜுக்கு அப்ளிகேஷன் போட விடல. அதுல பேச்சு முத்தி, அண்ணன் கன்னத்துல ரெண்டு வெச்சுட்டாரு. போனையும் புடுங்கி வெச்சுட்டாரு. இப்ப பக்கத்து வீட்டு அக்கா போன்ல இருந்து எனக்குப் பேசறா. "பஸ் ஏறி வந்துடறேன் அத்தை, வீட்டு வேலை எல்லாம் பண்றேன், படிக்க மட்டும் வையுங்க"ங்கறா.

எனக்கு ஆசைதான். பொம்பளப் புள்ள இல்லாத வீடு. ஆனா வீட்டுக்காரர் "நீ சேர்த்துக்கிட்டா உன் அண்ணனே உன் மேல கேஸ் குடுப்பான்"ங்கறாரு. இன்னொண்ணு, நான் அவளுக்கு அத்தை, எம்பையன் முறைமாப்பிள்ளை. அவ இங்க கால் வெச்ச மறுநாள் அண்ணி ஊரெல்லாம் "தன் மகனுக்குக் கட்டி வைக்கத்தான் என் பொண்ணை இழுத்துட்டுப் போயிட்டா"ன்னு சொல்லுவாங்க. சத்தியமா அப்படி ஒரு நெனப்பு எங்களுக்கு இல்லைங்க. பையன் அவளைப் பாப்பான்னுதான் கூப்புடுவான்.

என் கேள்வி இவ்வளவுதான். 17 வயசுப் பொண்ணு தானா வந்தா வெச்சுக்கலாமா? அப்பன் வேண்டாம்னா அவ சொல்லுக்கு மதிப்பே இல்லையா? என்ன பண்ணுனா யாருக்கும் சேதாரம் இல்லாம முடியும்?

---

தறிக்காரன் பதில்:

அம்மா, கோவிச்சுக்காதீங்க. எனக்கும் பதினாறு வயசுல பொண்ணு இருக்கு. நாளைக்கு அவ எந்தங்கச்சிக்கு போன் போட்டு "வந்துடறேன் அத்தை"ன்னா, எந்தங்கச்சி முதல்ல எனக்குத்தான் சொல்லணும். இப்படி ஊர்ல கேட்டுட்டு இருக்கக் கூடாது. பெத்து, சோறு போட்டு, காய்ச்சலுக்குத் தூக்கிட்டு ஓடினவனுக்கு ஒரு உரிமையும் இல்லையா?

அடிச்சது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா 511 மார்க் வாங்கின புள்ள மேல அப்பனுக்குப் பாசம் இல்லாமலா இருக்கும்? ஊர்ல ஏதாவது பேச்சு வந்திருக்கும், பயந்திருப்பான். நம்ம பக்கத்துல பொண்ணைச் சீக்கிரம் கட்டிக் குடுக்கறது முக்காவாசி பயத்துலதான்.

நீங்க சேர்த்துக்கிட்டா ஒண்ணு நிச்சயம். அண்ணன் தங்கச்சி உறவு அதோட முடிஞ்சுது. நாளைக்கு அந்தப் புள்ளைக்குச் சீர் செய்ய, பிரசவம் பார்க்க, பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணும்ல? அதை ஒடச்சுட்டு அவளுக்கு என்ன நல்லது பண்ணப் போறீங்க? உங்க பெரியப்பா, சித்தப்பா யாராவது இருந்தா கூட்டிட்டுப் போய் அண்ணன்கிட்ட உக்காந்து பேசுங்க.

---

கோர்ட் வராண்டா பதில்:

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. அதனால இதை ஆலோசனையா எடுத்துக்காம தகவலா எடுத்துக்கங்க.

உங்க வீட்டுக்காரர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவரைச் சட்டப்படியான பாதுகாவலரின் பொறுப்பிலிருந்து அவர் சம்மதம் இல்லாமல் கூட்டிப் போனாலோ, ஆசை காட்டி வரவழைத்தாலோ அது ஆட்கடத்தல். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 361, 363. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 137. ஏழு வருஷம் வரை தண்டனை. புள்ளை "நானாத்தான் வந்தேன்" என்று சொன்னாலும் அந்தச் சம்மதத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. சம்மதம் தர வேண்டியவர் பாதுகாவலர்.

ஆனால் "கூட்டிப் போவது" என்றால் எது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. இதில் இந்தியா முழுக்க எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு நம்ம சென்னையிலிருந்து போனதுதான். வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம். 1960ல் நடந்த விஷயம். 18 முடிய சில வாரமே இருந்த ஒரு கல்லூரி மாணவி. அப்பா அவரை நுங்கம்பாக்கத்து வீட்டிலிருந்து கோடம்பாக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் காலையில் அந்தப் பெண் தானே வெளியே வந்து, தானே போன் செய்து, தான் விரும்பிய வரதராஜனை வரச் சொன்னார். இருவரும் கல்யாண ஒப்பந்தம் பதிவு செய்துவிட்டு ஊர் ஊராகப் போனார்கள். ஒரு மாதம் கழித்துத் தஞ்சாவூரில் போலீஸ் கண்டுபிடித்தது. கீழ்க்கோர்ட் தண்டனை கொடுத்தது, ஹைகோர்ட் உறுதி செய்தது. 1964ல் சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. விவரம் தெரிந்த வயதுள்ள பெண் தானாக வெளியே வந்து சேர்ந்துகொண்டால், அவரைக் கூட வர விட்டது மட்டும் "கூட்டிச் சென்றது" ஆகாது, தூண்டியதாகவோ ஏற்பாடு செய்ததாகவோ காட்ட வேண்டும் என்பது சாரம்.

ஆகவே போனில் நீங்கள் "வா கண்ணு, அத்தை இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அரசுத் தரப்பு வாதிடும்.

---

ராத்திரி ஷிப்ட் பதில்:

நான் பதினாறு வயசுல வீட்டை விட்டு வந்தவ. அதனால சட்டம் பேசல, எங்க போயி நிப்பாங்கறதை மட்டும் சொல்றேன்.

இந்த அத்தை வேண்டாம்னு சொல்லிட்டா அந்தப் புள்ள வீட்டுலயே அடங்கிக் கெடப்பான்னு யாரும் நெனைக்க வேண்டாம். வேடசந்தூரைச் சுத்தி நூல் மில்லுதான். ஊருக்கு ஒரு ஏஜெண்ட் இருப்பாரு. "ஹாஸ்டல் இருக்கு, சாப்பாடு இருக்கு, மூணு வருஷம் முடிச்சா மொத்தமா பணம், கரஸ்ல டிகிரியும் படிச்சுக்கலாம்"னு வேன் வாசல்லயே வரும். எங்க காலத்துல அதுக்குச் சுமங்கலித் திட்டம்னு பேரு. கல்யாணத்துக்குச் சேர்க்கற பணம்னு சொல்லித்தான் எங்களை எடுத்தாங்க. கல்யாணம் வேண்டாம்னு ஓடி வந்தவளுக்குக் கல்யாணப் பணம் சேர்க்கற வேலை, பாத்துக்கங்க.

நான் இருந்த மில்லுல ஹாஸ்டல் கேட் பூட்டித்தான் இருக்கும். வாரத்துக்கு ஒரு போன், வார்டன் பக்கத்துல நின்னுட்டு இருக்கும்போது. 18 ஆகாத பொண்ணுக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாதுன்னு சட்டம் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சதே வெளிய வந்த பொறவுதான். வயசுச் சான்று கேட்டா "18"னு எழுதி வெச்சிருப்பாங்க. பாதியில வந்தா மொத்தப் பணம் கிடையாது. எங்கூட வந்த புள்ளைங்க நெறையப் பேரு அப்படித்தான் வெறுங்கையோட போனாங்க.

அதனால தறிக்காரன் அண்ணே, புள்ளைக்கு வீடு, அத்தை வீடு ரெண்டு மட்டும் இல்ல. மூணாவது ஒரு கதவு எப்பவும் தொறந்தே இருக்கு, அதுதான் எனக்குப் பயம்.

---

பழைய கோப்பு பதில்:

ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தவள் நான். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். இங்கே எல்லாரும் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் கோர்ட் வராண்டா தம்பிக்கு. அந்தத் தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் 1960ல் பிடிபட்டவர் 1964ல் விடுதலையானார். நடுவே போன வருஷங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைவதற்கா இந்த அம்மா கேட்கிறார்? இன்னொன்றும் இருக்கிறது. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று 2013ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே அண்ணன் ஸ்டேஷனுக்குப் போன அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்கள். அதில் சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதச் சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பெயரை எழுதினாலாவது பரவாயில்லை. 22 வயதுப் பையன் இருக்கிற வீடு. 18 ஆகாத பெண் விஷயத்தில் போக்சோ என்ற சொல்லை யாராவது வாயில் எடுத்தால், உண்மையோ பொய்யோ, அவன் வேலைக்கும் வெளியூருக்கும் போவது நின்றுவிடும். நீங்கள் அண்ணியின் வாய்க்குப் பயப்படுகிறீர்கள். நான் அண்ணியின் கைப்பட எழுதிய புகாருக்குப் பயப்படுகிறேன்.

இப்போது தறிக்காரன் கேட்டதற்கு வருகிறேன். பெத்தவனுக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 1956ம் வருஷத்து இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின்படி அப்பா இயற்கைப் பாதுகாவலர், அவருக்குப் பிறகு அம்மா. அந்தப் "பிறகு" என்பதற்கு அப்பா செத்த பிறகுதான் என்று அர்த்தம் இல்லை என்று 1999ல் கீதா ஹரிஹரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விளக்கியது. ஆனால் அதே சட்டத்தின் 13வது பிரிவைப் பாருங்கள். பாதுகாவலர் விஷயத்தில் குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. 1890ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம்கூட, விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தைக் கோர்ட் கேட்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் ஆடு மாடு மேல் இருக்கிற பாத்தியதை மாதிரி பேசுகிறீர்கள். அந்த மாதிரி ஒன்று புத்தகத்தில் இல்லை.

சரி, அம்மா, உங்களுக்கு.

அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவளுக்கு வேண்டியது வீட்டை விட்டு வருவதா, படிப்பா, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்பதா? மூன்றும் ஒன்று மாதிரி தெரியும். ஆனால் வழி மூன்றுக்கும் வேறு வேறு.

படிப்பு மட்டும் என்றால், அதற்கு அப்பாவைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை. கட்டாயக் கல்வி 14 வயதோடு முடிந்துவிட்டது. அங்கே பேச்சுத்தான் வழி, அதில் தறிக்காரன் சொல்வதோடு நான் ஒத்துப்போகிறேன்.

கல்யாணம் என்றால் சட்டம் நன்றாகவே கை கொடுக்கும். நிச்சயதார்த்தத்தை யாரும் தடுக்க முடியாது. வெற்றிலை மாற்றுவது குற்றமில்லை. ஆனால் ஆவணியில் தாலி ஏறினால் அது 2006ம் வருஷத்துச் சட்டப்படி குழந்தைத் திருமணம். கட்டுகிற 29 வயது மாப்பிள்ளைக்கு இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். நடத்தி வைக்கிறவர்களுக்கும், தடுக்காமல் விட்ட பெற்றோருக்கும் அதே தண்டனை, பெண்களுக்குச் சிறை மட்டும் கிடையாது. "ரிஜிஸ்டர் தையில பாத்துக்கலாம்" என்று அண்ணி சொன்னாரே, அது ஒன்றும் காப்பாற்றாது. தாலி ஏறின நாள்தான் கணக்கு. அறநிலையத் துறைக் கோயில் என்றால் வயதுச் சான்று கேட்பார்கள், அதனால் இந்த மாதிரிக் கல்யாணம் குலதெய்வக் கோயிலில் விடியற்காலையில்தான் நடக்கும். யாருக்குச் சொல்வது? ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் கேட்டால் காட்டுவார்கள். இல்லாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், அந்தப் பெண்ணே பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து கூப்பிடலாம். பெரும்பாலும் நடப்பது இதுதான். அலுவலரும் போலீஸும் வீட்டுக்கு வருவார்கள், பெற்றோரிடம் "18 முடியும்வரை செய்ய மாட்டோம்" என்று எழுதி வாங்குவார்கள். மாஜிஸ்திரேட் மூலம் தடை உத்தரவும் வாங்கலாம். எழுதிக் கொடுத்த அப்பா ஆறு மாதம் ஊர் முன்னால் தலை குனிந்து நடப்பார், அந்தக் கோபம் யார் மேல் இறங்கும் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சொல்லாமல் இருக்கச் சொல்லவில்லை.

தை பிறந்த பிறகு வேறு கதை. 18 முடிந்த அன்றைக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் யாரும் கேட்க முடியாது. அண்ணன் ஆட்கொணர்வு மனு போட்டால் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் நீதிபதி அவளையே கேட்பார், அவள் சொல்கிற இடத்துக்கு அனுப்பி வைப்பார். சில மாதம்தான் இருக்கிறது. அடி உதை தொடராமல், தாலியும் ஏறாமல் அந்த மாதங்களைத் தள்ள முடியுமானால் தள்ளுவது கோழைத்தனம் இல்லை.

அப்படியும் அவள் நாளைக் காலையில் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றுவிட்டால்? கதவைச் சாத்தாதீர்கள். திரும்பப் போ என்று பஸ் ஏற்றி விடாதீர்கள், அவள் ஊர் போய்ச் சேர மாட்டாள், ராத்திரி ஷிப்ட் சொன்ன வேன் அதற்குத்தான் காத்திருக்கிறது. சாப்பாடு போட்டு, அன்றைக்கே 1098க்குப் போன் செய்து, "என் அண்ணன் மகள், இன்ன வயது, தானாக வந்திருக்கிறாள், குழுவின் முன் ஆஜர்படுத்துகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கூட்டிப் போய் நிறுத்துங்கள். பிள்ளை தானாகவே கூட அங்கே போய் நிற்கலாம், இளைஞர் நீதிச் சட்டத்திலேயே அந்த வழி இருக்கிறது. உங்கள் அண்ணனுக்கும் "பொண்ணு பத்திரமா இருக்கு, குழுவுக்குச் சொல்லியிருக்கேன்" என்று அன்றைக்கே தகவல் கொடுங்கள். ஒளித்து வைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அன்று ராத்திரி பையன் வேறு எங்காவது தங்கட்டும்.

குழு என்றதும் கோர்ட் மாதிரி கூண்டை நினைக்க வேண்டாம். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண். ஒரு மேஜை, சில நாற்காலி, ஓரமாக ஒரு பொம்மைக் கூடை. அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் பிள்ளையிடம் பேசுவோம். பிள்ளைகள் முதலில் பேசாது. டீ வாங்கிக் கொடுத்தால் பாதி பேர் பேசும். அப்பாமார்கள் உள்ளே வந்ததும் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: "எம்புள்ளையை எங்கிட்டக் குடுங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்." இந்த "ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்பதில்தான் எங்களுக்குச் சந்தேகமே வரும். கேட்காமலேயே ஏன் சொல்கிறார்?

குழுவின் கையில் இருப்பவை என்ன? பெற்றோரிடமே கண்காணிப்போடு திருப்பி அனுப்பலாம், பெரும்பாலும் அதுதான் நடக்கும். "தகுதியான நபர்" என்று உறவினரிடம் ஒப்படைக்கலாம், அது நீங்களாக இருக்கலாம், ஆனால் முறைப்பையன் இருக்கிற வீடு என்றதும் ஒரு கேள்வி எழும், அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கலாம். விருப்பம் சொல்லும் அளவுக்கு விவரம் இருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 17 வயதில் 511 மார்க் எடுத்தவளுக்கு விவரம் இல்லை என்று எந்தக் குழுவும் சொல்லாது.

இல்லத்தைப் பற்றி அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நல்ல இல்லங்கள் உண்டு. ஆனால் அங்கேயும் கேட் பூட்டுவார்கள், போன் கிடையாது, ஆறு மணிக்கு மேல் வெளியே போக முடியாது. சுதந்திரம் என்று நினைத்து வீட்டை விட்டு வந்த பெண்கள் முதல் ராத்திரியே "எங்கம்மாகிட்ட விட்டுடுங்க" என்று அழுததை நிறையப் பார்த்திருக்கிறேன். அழாமல் தூங்கின பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் வீட்டில் என்ன பட்டிருந்தார்கள் என்று எங்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, அந்த இரண்டு அடி. அதோடு நின்றதா? அவளிடம் நேரில், அண்ணி இல்லாத இடத்தில் கேளுங்கள். தொடர்ந்து அடிக்கிறார், ரூமில் பூட்டி வைக்கிறார் என்றால் நான் இதுவரை சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது, இன்றைக்கே 1098.

---

தறிக்காரன் பதில்:

ஆடு மாடு மேல பாத்தியதைன்னு நான் சொல்லலீங்க மேடம். நீங்களா சொல்லிட்டீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். குழு, அலுவலர், 1098 எல்லாம் வந்து எழுதி வாங்கிட்டு ஜீப் ஏறிப் போயிருவாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல அந்தப் புள்ள எப்படிச் சோறு திங்கும்? அதுக்கு யாரு வருவா?

---

பழைய கோப்பு பதில்:

நியாயமான கேள்வி. கண்காணிப்பு என்று உத்தரவில் எழுதுவோம். ஆள் போதாத மாவட்டத்தில் அது மாதத்துக்கு ஒரு போனாகச் சுருங்கிவிடும். அதனால்தான் உறவு முறையில் ஒருவர் அந்த வீட்டுக்குள் போய்வரும்படி இருக்க வேண்டும் என்கிறேன். இந்த அம்மா அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டால் அந்த ஒரு ஆளும் இல்லாமல் போய்விடும்.

---

அவினாசி ரோடு பதில்:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேனுங்க. வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன்.

அவகிட்டப் பேசினேன். நீங்க சொன்ன மாதிரியே மூணையும் தனித்தனியா கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வீட்டை விட்டு வரணும்னு இல்ல அத்தை, தம்பியை விட்டு எனக்கு இருக்க முடியாது. கல்யாணம் வேண்டாம். காலேஜ் போகணும்"ன்னா. அடி அதோட சரியாம். ஆனா அண்ணன் இப்ப அவகிட்டப் பேசறதே இல்லையாம், அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. வாடா போடான்னு செல்லமாப் பேசின அப்பாவாச்சே.

எங்க பெரியப்பா ஒட்டன்சத்திரத்துல இருக்காரு. 78 வயசு. அவரு பேச்சை அண்ணன் இதுவரைக்கும் தட்டினதில்ல. விஷயத்தைச் சொன்னேன். முதல்ல "தாய்மாமன் தானம்மா, அதுல என்ன"ன்னாரு. பொண்ணு வேண்டாங்கறான்னதும் யோசிச்சாரு. மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான்னதும் எந்திரிச்சு உக்காந்துட்டாரு. இந்த ஞாயித்துக்கிழமை அவரையும் கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறோம். ஆவணியில தாலி இல்லைன்னு அண்ணன் பெரியப்பா முன்னாடி சொல்லணும். சொல்லலைன்னா திங்கக்கிழமை நானே 1098க்குப் பேசறதுன்னு முடிவு.

காலேஜுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. அப்ளிகேஷன் தேதி முடிஞ்சிருச்சு. திருப்பூர்ல எல்.ஆர்.ஜி. மகளிர் காலேஜ்ல சேர்க்கணும்னுதான் எனக்கு ஆசை இருந்துச்சு.

---

கோர்ட் வராண்டா பதில்:

அரசுக் கல்லூரிகளில் கலந்தாய்வு முடிந்து இடம் காலியாக இருந்தால் பிறகும் விண்ணப்பம் வாங்குவதுண்டு, நேரில் போய்க் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். செலவு என்று அண்ணன் தொடங்கினால் இதைச் சொல்லலாம்.

---

ராத்திரி ஷிப்ட் பதில்:

டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், பேங்க் புக்கு எல்லாத்துலயும் ஒரு செட் ஜெராக்ஸ் அந்தப் பக்கத்து வீட்டு அக்காகிட்டக் குடுத்து வைக்கச் சொல்லுங்க. மில்லுல எங்க சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கிட்டதாலதான் நாங்க நகர முடியாமக் கெடந்தோம்.

---

பழைய கோப்பு பதில்:

எல்.ஆர்.ஜி. ஆசையை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் கல்லூரி என்று நீங்கள் வாயைத் திறந்ததும் அண்ணி சொல்லப் போவது சரி என்று ஆகிவிடும். திண்டுக்கல்லில் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தினமும் போக்குவரத்து சரிப்படாது என்றால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, ஆதிதிராவிடர் நல விடுதி எல்லாம் கல்லூரி மாணவிகளுக்கும் உண்டு, தங்குவதும் சாப்பாடும் இலவசம், வருமான வரம்பு மட்டும் பார்ப்பார்கள். விடுதி விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அண்ணன் கையாலேயே அனுப்பி வைத்ததாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சை அடியிலிருந்தோ சட்டத்திலிருந்தோ ஆரம்பிக்காதீர்கள். 511ல் ஆரம்பியுங்கள். சட்டத்தைப் பெரியப்பா சொல்லட்டும், மாப்பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற பக்கத்திலிருந்து. அண்ணிக்கு மகளை நினைத்து வருவதை விடத் தம்பியை நினைத்துப் பயம் சீக்கிரம் வரும்.

பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது, கார் வேண்டும் என்று தோன்றும். வாடகைக் கார் எடுங்கள். ஓட்டுவதற்கு உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.